மும்பையில் சிறுதொழில் செய்வோர் கடையை எங்கே விரிப்பது: வாட்ஸ்அப்பா, கூகுள் வரைபடமா, இன்ஸ்டாகிராமா?

செம்பூரில் வீட்டிலேயே இட்லி மாவும் பட்சணமும் தயாரித்து விற்பவர், மாட்டுங்காவில் ஆரி வேலை செய்த ரவிக்கை தைத்துக் கொடுப்பவர், தாராவியில் தோல் பை செய்து விற்பவர், முலுண்டில் மிருதங்கம் கற்றுக்கொடுப்பவர் ஆகிய நால்வருக்கும் இன்று கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுங்கள், வியாபாரம் தானாக வரும். இந்த அறிவுரை இவர்களில் இருவருக்குப் பொருந்தும். மற்ற இருவருக்கு அது நேரத்தைத் தின்னும் வேலையாகவே முடியும். நால்வரிடமும் இதற்கென ஒதுக்க நாளொன்றுக்கு ஒரு மணி நேரமும், மாதம் மூவாயிரம் ரூபாய் அளவுக்குப் பணமும் மட்டுமே இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு, அவற்றை எங்கே போடுவது என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஒப்பீட்டுக்கு ஓர் அளவுகோல் வேண்டும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைப் பெரும்பாலானோர் அளவுகோலாக வைத்துக்கொள்கிறார்கள். செயலிகளும் அந்த எண்ணைத்தான் பெரிதாகக் காட்டுகின்றன. சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் என்ற முறையில், நான் கேட்கும் கேள்வி வேறு: ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்க நினைக்கும்போது எந்த வழியாக உங்களிடம் வந்து சேருகிறார்? வாரம் இருமுறை மாவு வாங்குபவர் வரும் வழியும், மகள் திருமணத்துக்கு ஒரே ஒரு முறை ரவிக்கை தைக்கக் கொடுப்பவர் வரும் வழியும் ஒன்றாக இருக்க முடியாது.

முதலில் வாட்ஸ்அப் பிசினஸ். 2018 ஜனவரியில் அறிமுகமான இந்தச் செயலிக்குக் கட்டணம் இல்லை. பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கிவைக்க ஒரு கேட்டலாக், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த பதில்கள், ஒவ்வொரு உரையாடலுக்கும் ‘புது ஆர்டர்’, ‘பணம் பாக்கி’ என்பன போன்ற அடையாளச் சீட்டுகள் ஆகிய வசதிகள் அதில் உள்ளன. இவற்றில் அடையாளச் சீட்டைத்தான் மிகக் குறைவானவர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பது என் கவனிப்பு; உண்மையில் கேட்டலாக்கைவிட அதுவே பயன் தரும், ஏனெனில் தீபாவளி வாரத்தில் யார் பணம் அனுப்பினார்கள், யாருக்கு முறுக்கு போய்ச் சேரவில்லை என்பதை நூறு உரையாடல்களைத் திறந்து திறந்து தேட வேண்டிய தொல்லை அதனால் ஒழிகிறது.

வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பும் வழிகளுக்குள்ளேயே ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். அனுப்பும் செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சேரும். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். இந்த ஒரு விதி தெரியாமல், பட்டியலில் இருநூறு பேர் இருந்தும் ஆர்டர் வரவில்லையே என்று வருந்துபவர்கள் நிறைய. ஆகவே முதல் ஆர்டரைக் கொடுக்கும்போதே, பொட்டலத்தின் மேல் ஒட்டும் சீட்டில் கைப்பேசி எண்ணோடு ‘இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டால் மாவு அரைக்கும் நாளை முன்கூட்டியே தெரிவிப்போம்’ என்று ஒரு வரி அச்சிடுவது எந்த விளம்பரத்தையும்விட மலிவானது. உணவுப் பொருளாக இருந்தால் அதே சீட்டில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்கப் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். கேட்டலாக் படத்திலும் அது தெரிந்தால் புதியவருக்கு நம்பிக்கை வரும்.

குழு அமைப்பது எளிதாகத் தோன்றினாலும் அதில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மாவு புளித்துவிட்டது என்று ஒருவர் எழுதினால் அது மறுகணமே மற்ற எல்லோருக்கும் செய்தியாகிவிடுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கமான சொசைட்டியின் குழுவில் விற்பனைச் செய்தி போடுவதற்கு நிர்வாகக் குழுவின் அனுமதி வேண்டும். பல சொசைட்டிகளில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் அதற்கு இடம் கொடுக்கிறார்கள், சிலவற்றில் அடியோடு தடை. 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்த வாட்ஸ்அப் சேனலில், பின்தொடர்பவரின் கைப்பேசி எண் உங்களுக்குத் தெரியாது என்பதால் வாடிக்கையாளர் பட்டியல் ஒருபோதும் உங்கள் கைக்கு வராது. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். மாவுக்காரருக்கு அது குறையே இல்லை, ஏனெனில் அவருடைய பொருளுக்கும் ஏறக்குறைய அதே ஆயுள்தான்.

செம்பூர் மாவுக்காரருக்கு இந்த அமைப்பு அப்படியே பொருந்துகிறது. ‘நாளை வெள்ளிக்கிழமை காலை அரைக்கிறோம், ஒரு கிலோ, இரண்டு கிலோ பொட்டலங்கள், இன்று இரவு எட்டு மணிக்குள் சொன்னால் போதும்’ என்று வியாழக்கிழமை மாலை போகும் ஒரே செய்தி, எவ்வளவு அரிசி ஊறவைப்பது என்ற கேள்விக்கும் விடையளித்துவிடுகிறது. விளம்பரமும் கொள்முதல் திட்டமும் ஒரே செய்தியில் முடிகிற இந்தச் சௌகரியத்தை இன்ஸ்டாகிராம் தர முடியாது. வாட்ஸ்அப்பின் குறை வேறிடத்தில் இருக்கிறது: அது புதியவரைக் கொண்டுவராது. முன்பின் தெரியாத எண்களை எங்கிருந்தோ வாங்கி மொத்தமாகச் செய்தி அனுப்பினால், பெறுபவர்கள் புகார் செய்ய, எண்ணே முடக்கப்படலாம். பல ஆண்டுகளாக வாடிக்கையாளர்கள் கையில் இருக்கும் எண்ணை அந்த ஆபத்துக்கு உட்படுத்துவது அறிவீனம்.

புதியவர் வரும் வழிகளில், மும்பையைப் போன்ற நகரத்தில் கூகுள் வரைபடத்துக்கு உரிய மதிப்பை நம்மவர்கள் இன்னும் கொடுக்கவில்லை. ‘பிசினஸ் புரொஃபைல்’ என்று 2021 முதல் அழைக்கப்படும் இந்த இலவசப் பக்கத்தைச் சமூக ஊடகமென்று கருத முடியுமா என்று கேட்கலாம். படம் போடவும், செய்தி வெளியிடவும், வாடிக்கையாளர் கருத்து எழுதவும், அதற்கு நாம் பதில் எழுதவும் இடம் தருகிற எதையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை. இன்ஸ்டாகிராமில் பொழுதுபோக்க வந்தவர் கண்ணில் நீங்கள் தற்செயலாகப் படுகிறீர்கள். கூகுளில் ‘அருகில் ரவிக்கை தைப்பவர்’ என்று தேடுபவர் கையில் துணியோடு இருக்கிறார்.

தேடல் முடிவில் யாரை முன்னே காட்டுவது என்பதற்குப் பொருத்தம், தூரம், அந்த வணிகம் எவ்வளவு அறியப்பட்டது ஆகிய மூன்றையும் கணக்கில் கொள்வதாகக் கூகுளே சொல்கிறது. தூரத்தை நாம் மாற்ற முடியாது. பொருத்தத்தைச் சரியான தொழில் வகையைத் தேர்ந்தெடுத்து உயர்த்தலாம். அறியப்படுவதை உண்மையான வாடிக்கையாளர் கருத்துகளால் உயர்த்தலாம். கடையின் பெயரோடு ‘செம்பூரில் சிறந்த இட்லி மாவு’ என்பதையெல்லாம் சேர்த்து எழுதுவது விதிமீறல்; பக்கம் நிறுத்தி வைக்கப்படக்கூடும். கருத்து எழுதுபவருக்குத் தள்ளுபடி கொடுப்பதையும் கூகுள் அனுமதிப்பதில்லை. போலிக் கருத்துகளைக் கட்டுப்படுத்த இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022இல் ஐஎஸ் 19000 என்ற தரநிலையை வெளியிட்டிருப்பதும் இங்கே நினைவில் வைக்கத்தக்கது. தாராவியில் இன்னொரு சிக்கல்: வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் முள் (பின்) ஒரு சந்து தள்ளி விழுந்துவிட்டால் வாடிக்கையாளர் தொண்ணூறு அடிச் சாலையில் நின்றுகொண்டு கைப்பேசியில் அழைப்பார். முள்ளை நாமே சரியான வாசலில் நகர்த்தி வைத்து, சந்தின் முகப்பு தெரியும்படி ஒரு படத்தையும் ஏற்றிவிட்டால் அந்த அழைப்புகள் குறையும். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள், முகவரி ஊரெல்லாம் தெரிந்துவிடுமே என்று அஞ்சி இந்தப் பக்கத்தைத் தொடங்காமலே விட்டுவிடுவதுண்டு. வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் தொழிலாக இருந்தால், முகவரியை மறைத்துவிட்டு, செல்லும் பகுதிகளின் பெயரை மட்டும் குறிப்பிட விதிகளிலேயே இடமுண்டு.

இன்ஸ்டாகிராமுக்கு வருவோம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டு, அடுத்த மாதமே இங்கு ரீல்ஸ் அறிமுகமானதிலிருந்து, காட்சி சார்ந்த தொழில்களுக்கு இது பெரிய அங்காடியாகிவிட்டது. மாட்டுங்கா தையற்காரருக்கு இதுவே சரியான இடம் என்பதில் எனக்கு ஐயமில்லை. காரணம், அவரிடம் வருபவர் கையில் ஏதாவது ஒரு படம் இருக்கிறது. அந்தப் படம் அவருடைய பக்கத்திலிருந்தே எடுக்கப்பட்டதாக இருந்தால் விலைப் பேச்சும் அங்கிருந்தே தொடங்கும். மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத் துணியில் ஊசி ஏறி இறங்கி ஒரு மயிலின் கழுத்து உருவாவதை அரை நிமிடத்துக்குக் காட்டினால், இந்தக் கைக்கு ஏன் இவ்வளவு கூலி என்ற கேள்விக்குத் தனியாக விளக்கம் தேவைப்படாது. பார்க்கும் நேரம், விருப்பக் குறிகள், பிறருக்கு அனுப்பப்படுதல் ஆகிய மூன்றும் ஒரு ரீலின் பரவலுக்கு முக்கியமானவை என்று இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரி கூறியிருக்கிறார். திருமண வீட்டில் அக்கா தங்கைக்கு அனுப்பி ‘இது எப்படி?’ என்று கேட்கத் தூண்டுவது ஆரி வேலைப் படத்துக்கு இயல்பிலேயே அமைந்த குணம்.

இங்கே மொழி பற்றி ஒரு வார்த்தை. மும்பையில் பிறந்து வளர்ந்த தமிழர்களில் கணிசமானோர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழ் எழுத்தை வாசிக்க மாட்டார்கள். பள்ளியில் அவர்கள் படித்தது ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும். ஆகவே படத்தின் மேல் தமிழில் எழுதுவதைவிட, தமிழில் பேசிப் பதிவு செய்துவிட்டு எழுத்தில் ஆங்கிலமோ இந்தியோ வைப்பது இரு சாராரையும் எட்டும். குரலுக்குப் பதிலாகத் திரைப்பாடலைப் போட்டுவிடலாம் என்று நினைத்தால், வணிகக் கணக்குகளுக்கு அந்தப் பாடல்களில் பெரும்பாலானவை கிடைப்பதில்லை. உரிமையில்லாப் பாடலோடு போட்ட காணொளியின் ஒலி நிறுத்தப்படவும் கூடும். சொந்தக் குரலே சிக்கனமானது.

தாராவி தோல் பைக்காரருக்கும் இன்ஸ்டாகிராம் பொருந்தும், ஆனால் வேறு காரணத்தால். அவருடைய பொருள் கெடாது, கூரியரில் கோயம்புத்தூருக்கும் குவாஹாத்திக்கும் போகும். ஆகவே பின்தொடர்பவர் எங்கிருந்தாலும் வாடிக்கையாளராகக் கூடியவரே. மாவுக்காரருக்கோ மதுரையிலிருந்து பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தாலும் ஒரு கிலோ மாவுகூடக் கூடுதலாக விற்காது. ஊர்ப்புகழ் வேண்டுமென்றால் அது தனி ஆசை; அதற்கு ஆகும் நேரத்தைத் தொழிற்செலவில் எழுதக் கூடாது. பை விற்பவர் ஒன்றை மட்டும் கைவிட வேண்டும்: ‘விலைக்கு மெசேஜ் செய்யவும்’ என்று எழுதும் பழக்கம். விலை தெரியாத பொருளுக்காகக் கேள்வி கேட்டுக் காத்திருக்கும் பொறுமை, அடுத்த பதிவுக்கு விரலைத் தள்ளிக்கொண்டே போகும் ஒருவரிடம் இருக்காது.

ஃபேஸ்புக்கில் நேரம் செலவிட வேண்டியது தென்னிந்தியக் குடும்பங்கள் கூடும் உள்ளூர்க் குழுக்களில் மட்டுமே. அங்கே இருப்பவர்கள் நாற்பது வயதைக் கடந்தவர்கள், பட்சணம் வாங்குபவர்களும் அவர்கள்தாம். தனிப் பக்கம் தொடங்கி அதில் பதிவு எழுதிக்கொண்டிருப்பதால் பெரிய பயன் ஏதும் எனக்குத் தெரியவில்லை. யூடியூப், முலுண்டு மிருதங்க ஆசிரியருக்கு மட்டும் விதிவிலக்கு. ஆதி தாளச் சொற்கட்டை நிதானமாகக் கற்றுத்தரும் பத்து நிமிடக் காணொளி ஒன்று, பதிவேற்றிய வாரத்தில் யாராலும் பார்க்கப்படாமல் போகலாம். ஆனால் யூடியூபில் மக்கள் தேடிவருகிறார்கள் என்பதால், இரண்டு ஆண்டுகள் கழித்தும் அது நியூ ஜெர்சியில் ஒரு தாயின் கண்ணில் பட்டு இணையவழி வகுப்புக்கு ஒரு மாணவரைக் கொண்டுவரக்கூடும். ரீலுக்கு அந்த ஆயுள் அரிது.

இனி, பணம் கொடுத்துச் செய்யும் விளம்பரம். இன்ஸ்டாகிராமையும் ஃபேஸ்புக்கையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பரங்கள் ஏல முறையில் இயங்குகின்றன. ஒரே பார்வையாளருக்காகப் பெரிய நகைக்கடையும் துணிக்கடையும் போட்டியிடும் தீபாவளி வாரத்தில் விலை ஏறும். அதோடு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. பதிவு பெற்ற வணிகர் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம், பதிவு இல்லாத சிறுதொழிலருக்கு அது முழுச் செலவு. 3,000 ரூபாய் விளம்பரத்துக்கு 540 ரூபாய் வரி சேர்த்து 3,540 ரூபாய். அதனால் பன்னிரண்டு புதிய வாடிக்கையாளர்கள் வந்தார்கள் என்று வைத்துக்கொண்டால் ஒருவரைக் கொண்டுவர 295 ரூபாய் ஆகியிருக்கிறது. ஓர் ஆர்டரில் 75 ரூபாய் லாபம் நிற்கும் பட்சணக்காரருக்கு, அந்த வாடிக்கையாளர் நான்கு முறை வாங்கினால்தான் போட்ட பணம் திரும்பும். 2,500 ரூபாய் கூலியில் 900 ரூபாய் நிற்கும் தையற்காரருக்கு முதல் ரவிக்கையிலேயே திரும்பிவிடும். ஆகவே விளம்பரம் வேண்டுமா என்ற கேள்விக்கு ஊடகத்தைவிட லாபக் கணக்கே முதலில் விடை சொல்ல வேண்டும்.

விளம்பரத்தை உள்ளூர் அளவில் நிறுத்த, வரைபடத்தில் ஒரு முள்ளைக் குத்தி அதைச் சுற்றிச் சில கிலோமீட்டர் வட்டம் போடலாம் என்பார்கள். மும்பையில் இந்த வட்டம் ஏமாற்றும். மாட்டுங்கா கிழக்கில் முள்ளைக் குத்தி மூன்று கிலோமீட்டர் வட்டம் போட்டால் தாதரும் மாஹிமும் அதற்குள் வந்துவிடும். இடையில் மத்திய ரயில் பாதையும் மேற்கு ரயில் பாதையும் கிடக்கின்றன என்பது வட்டத்துக்குத் தெரியாது. ஒரு ரவிக்கை அளவு கொடுக்கப் பாலம் ஏறி இறங்கி வருவார்கள். அரைக் கிலோ ரிப்பன் பக்கோடாவுக்கு வர மாட்டார்கள், போர்ட்டர் என்ற விநியோகச் செயலி வழியாக அனுப்பினால் கூலி பலகாரத்தின் விலையை நெருங்கிவிடும். பெரிய வட்டம் ஒன்றுக்குப் பதிலாக, ரயில் பாதைக்கு ஒரே பக்கத்தில் இருக்கும் இடங்களில் மிகச் சிறிய வட்டங்கள் இரண்டு மூன்றைப் போடுவது சிறப்பு. பதிவின் கீழே இருக்கும் ‘பூஸ்ட்’ பொத்தானை அவசரத்தில் அழுத்தாமல், விளம்பரத்தின் நோக்கமாக வாட்ஸ்அப் உரையாடலைத் தேர்ந்தெடுத்தால், பணம் விருப்பக் குறிகளுக்குப் போகாமல் ஒரு கேள்வியாகவாவது உங்கள் கைக்கு வரும்.

உணவுப் பதிவர்களை அழைத்து இலவசமாகச் சாப்பாடு கொடுத்துப் படம் எடுக்கச் சொல்வது இதற்கு மாற்றாக முன்வைக்கப்படுகிறது. பணமோ இலவசப் பொருளோ பெற்று ஒன்றைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. சட்டம் ஒருபுறமிருக்க, மும்பை முழுவதும் சுற்றும் பதிவரின் பார்வையாளர்கள் விராரிலும் கல்யாணிலும் சிதறிக் கிடப்பார்கள். இருபது வீடுகளுக்கு ஒரு சிறு பொட்டலம் ‘தட்டை’யை மாதிரியாகக் கொடுப்பது செம்பூர்க்காரருக்கு இதைவிட மலிவு.

எந்த ஊடகத்தைத் தேர்ந்தாலும் ஒன்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மூன்றும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தமானவை. 2021 அக்டோபர் 4 அன்று மூன்றும் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஆறு மணி நேரம் முடங்கின. டிக்டாக் தடையன்று பலருடைய பின்தொடர்வோர் பட்டியல் ஒரே இரவில் இல்லாமல் போனது. வாடிக்கையாளரின் பெயர், எண், சொசைட்டி, என்ன வாங்குவார், எதன் மூலம் தெரிந்து வந்தார் என்ற ஐந்தையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது பழைய முறைதான். ஆனால் அடுத்த மாதம் மூவாயிரம் ரூபாயை எங்கே போடுவது என்பதற்கு நோட்டின் அந்தக் கடைசிக் கட்டம் தரும் விடையை எந்தச் செயலியின் புள்ளிவிவரமும் அவ்வளவு நேராகத் தராது.

பொதுவெளியில் எண்ணைப் போடும்போது மோசடியும் வரும். ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, முகாமுக்கு ஐம்பது கிலோ இனிப்பு வேண்டும் என்று பெரிய ஆர்டர் கொடுத்து, முன்பணம் அனுப்புவதற்காக ஒரு கியூஆர் குறியை ஸ்கேன் செய்யச் சொல்பவர்களைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ யுபிஐ ரகசிய எண்ணை இடவோ ஒருபோதும் தேவையில்லை. வீட்டில் பெரியவர்கள் கைப்பேசியைக் கவனித்துக்கொள்ளும் தொழிலாக இருந்தால் இதை அவர்களிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

ஆக, மாவுக்காரரும் மிருதங்க ஆசிரியரும் முதலில் கூகுள் பக்கத்தைச் சரிசெய்துவிட்டு, அன்றாட நேரத்தை முன்னவர் வாட்ஸ்அப்பிலும் பின்னவர் மாதம் இரண்டு யூடியூப் பாடங்களிலும் செலவிடலாம். இருவரும் விளம்பரத்துக்குப் பணம் போட வேண்டிய அவசியம் இப்போதைக்கு இல்லை. தையற்காரர் தம் மணி நேரத்தை இன்ஸ்டாகிராமிலும், பணத்தைத் திருமணப் பருவத்துக்கு இரு மாதங்கள் முன்னால் சிறு வட்டங்களிலும் போடலாம். பை விற்பவருக்கு இன்ஸ்டாகிராமும் விலை எழுதிய கேட்டலாக்கும் போதும். பட்சணத்துக்கு மட்டும் ஆண்டில் ஒரு விதிவிலக்கு உண்டு: மும்பையில் அண்டை வீட்டார் லட்சுமி பூஜையை ஒட்டி இனிப்பு வாங்க, நம் வீடுகளில் நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய்க் குளியலுக்கு முன்பே பட்சணம் வந்து சேர்ந்திருக்க வேண்டும், சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நாளில் வரும், சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின்னாக வரும். ஆகவே விளம்பரத்தை நவராத்திரி முடிந்த கையோடு, ஏலத்தில் விலை ஏறுவதற்கு முன் ஒரு வாரம் மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்திவிடலாம். ஆர்டர் பெறும் கடைசி நாளை அந்த விளம்பரத்திலேயே எழுதிவிட்டால், தீபாவளிக்கு முந்தைய நாள் அடுப்பில் எண்ணெய் காயும்போது வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.